1,540 கோடி பீப்பாயும் ஒரு பெருக்கலும்: மான்டரே ஷேலை அளந்த கதை

முதலில் ஒரு பெருக்கல் போடுவோம். பரப்பு 1,752 சதுர மைல். சதுர மைலுக்கு 16 கிணறு. கிணறு ஒன்று தன் ஆயுள் முழுக்கத் தரும் எண்ணெய் 5,50,000 பீப்பாய். மூன்றையும் பெருக்கினால் 1,540 கோடி பீப்பாயும் கொஞ்சம் சில்லறையும் வரும்.

இது ஏதோ தேர்வுக்கணக்கு இல்லை. 2011 ஜூலையில் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் (இனி இஐஏ) வெளியிட்ட அறிக்கையில், கலிபோர்னியாவின் மான்டரே ஷேலிலிருந்து (ஷேல் என்றால் சேறு இறுகி மெல்லிய அடுக்குகளாக ஆன பாறை) எடுக்கக்கூடிய எண்ணெய் இவ்வளவு என்று சொன்னதற்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். அறிக்கையை இஐஏவுக்காகத் தயாரித்தது இன்டெக் என்ற ஆலோசனை நிறுவனம். எண்ணெய் நிறுவனங்களின் தொழில்நுட்ப அறிக்கைகளையும் விளக்கவுரைகளையும் வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். அமெரிக்கா முழுவதும் ஷேல்களில் எடுக்கக்கூடியது என்று அந்த அறிக்கை காட்டிய எண்ணெயில் 64 விழுக்காடு இந்த ஒரே பாறையில். எல்லோரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வடக்கு டகோட்டாவின் பாக்கன் ஷேலுக்கு அதே அறிக்கை கொடுத்தது சுமார் 360 கோடி பீப்பாய், அதாவது மான்டரேயில் கால் பங்குகூட இல்லை.

அப்புறம் அந்த எண்ணுக்குக் கால் முளைத்தது. 2013இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து, எண்ணெய்த் தொழில் சங்கம் ஒன்றின் நிதி உதவியும் சேர்ந்த ஒரு ஆய்வு வந்தது: 2020க்குள் 28 லட்சம் வேலைகள், ஆண்டுக்கு 2,460 கோடி டாலர் வரை வரி வருவாய். 2014 மே மாதம் இஐஏ தன் மதிப்பீட்டை 60 கோடி பீப்பாயாகக் குறைத்தது. இடையில் 1,370 கோடி என்று ஒரு சிறு திருத்தம் வந்திருந்தது. அதிலிருந்து கணக்கிட்டாலும் 96 விழுக்காடு வெட்டு.

மூலப்பாறை, அதாவது எண்ணெய் பிறக்கும் பாறை, அதன் மதிப்பீடு பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்றால் நான் எடுப்பது இந்தக் கதையைத்தான். பாறையைப் பொடி செய்து சூடேற்றி எண்களை எடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் எண் தப்பாகும் வழிகளைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு அலாதி ஆசை உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மான்டரேயில் பாறையிலிருந்து அளந்த எண் எதுவும் அப்படியொன்றும் தப்பாகிவிடவில்லை. கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கடைசியில் கேட்டார்கள்.

பாறையைக் குறை சொல்ல முடியாது

மான்டரே உருவாக்கம் மயோசீன் காலத்தது. ஏறத்தாழ 1.75 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை படிந்தது. அடியாழத்திலிருந்து சத்து நிறைந்த குளிர்ந்த நீர் மேலே பொங்கிவரும் கடலோரம், அதில் கோடி கோடியாய்ப் பெருகும் டயட்டம் என்கிற கண்ணாடி ஓட்டுப் பாசி, கீழே ஆக்சிஜன் அற்றுப்போன அடித்தளம். மேலே விளைவது எக்கச்சக்கம், கீழே அதைத் தின்ன ஆளில்லை. புழுக்கள் கிளறாததால் சில இடங்களில் முடியளவு மெல்லிய அடுக்குகள் அப்படியே இருக்கின்றன. இந்த அடுக்குகள் உள்ள மான்டரே துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை, இது எண்ணெய்ப் பாறை என்று மூக்கே சொல்லிவிடும்.

சான்டா பார்பரா கடலோரப் பாறைச்சுவர்களில் பாஸ்பேட் கலந்த சுண்ணக்களிப் பகுதியில் சில மாதிரிகளின் மொத்தக் கரிமக் கார்பன் (பாறையின் எடையில் உயிர்ப்பொருள் விட்டுச்சென்ற கார்பனின் பங்கு) பத்து விழுக்காட்டைத் தாண்டும். 2011 அறிக்கை தன் அட்டவணையில் சராசரியாகப் போட்டிருந்தது 6.5 விழுக்காடு, சராசரித் தடிமன் 1,875 அடி. பொதுவாகப் புழங்கும் அளவுகோலில் அரை விழுக்காட்டுக்குக் கீழே என்றால் ஏழைப் பாறை, இரண்டைத் தாண்டினால் மிக நல்லது, நான்குக்கு மேல் என்றால் அருமை. அப்படியிருக்க ஆறரை என்றால் யாருக்குத்தான் வாயூறாது? அதுவும் 570 மீட்டர் தடிமனில்!

நடைமுறைச் சாட்சியும் வலுவாகவே இருந்தது. கலிபோர்னியாவின் பெரிய எண்ணெய் வயல்கள் பலவற்றில் இருப்பது மான்டரே ஈன்ற எண்ணெய்தான். 1894இல் கண்டுபிடிக்கப்பட்ட மிட்வே-சன்செட் மட்டும் 300 கோடி பீப்பாய்க்கு மேல் கொடுத்திருக்கிறது. கெர்ன் ரிவர், எல்க் ஹில்ஸ் என்று பட்டியல் நீளும். "இத்தனை வயலுக்கும் ஊட்டிய பாறைக்குள்ளேயே இன்னும் எவ்வளவு இருக்கும்!" என்பதுதான் 2011இன் மனநிலை. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இத்தனை வயலுக்கும் ஊட்டிய பாறையில் இன்னும் எவ்வளவுதான் இருக்கும்? ஒரே சாட்சி, இரண்டு தீர்ப்பு.

சான்டா பார்பராவுக்கு அருகே கோல் ஆயில் பாயின்ட் என்ற இடத்தில் கடலடியிலிருந்து எண்ணெய் தானாகவே கசிகிறது, நாளுக்கு 100 பீப்பாய் அளவில். உலகின் பெரிய கடலடிக் கசிவுகளில் ஒன்று அது. அந்தக் கரையோரப் பூர்வகுடிகளான சுமாஷ் மக்கள் கரை ஒதுங்கும் தாரை எடுத்துத் தங்கள் பலகைப் படகுகளின் இடுக்குகளை அடைத்தார்கள். படகு ஒழுகாமல் இருக்கப் பயன்பட்ட அந்தத் தாரே, கீழே இருக்கும் அமைப்பு ஒழுகுகிறது என்பதற்கு அத்தாட்சி. யாரும் அதை அந்தக் கோணத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. கசிவைக் கண்டால் எண்ணெய் இருக்கிறது என்று துள்ளுவதுதான் இந்தத் தொழிலின் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம்.

கிண்ணத்தில் எழுபது மில்லிகிராம்

பாறையின் எண்ணெய் வளத்தை எப்படி அளக்கிறோம் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது.

கிணற்றிலிருந்து வந்த பாறைச் சில்லுகளைக் கழுவி, காயவைத்து, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுக்கும் வேலையை யாரும் விரும்புவதில்லை, ஆனால் பாதி உண்மை இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. மேலடுக்கிலிருந்து சரிந்து விழுந்த துண்டு கலந்திருக்கும், துளையிடும் சேறு வெடிப்புகளில் ஓடிப்போகாமல் இருக்கப் போட்ட வாதுமை ஓட்டுத் தூள் கலந்திருக்கும். ஒருமுறை அந்த ஓட்டுத் தூள் கலந்த மாதிரியை அப்படியே ஓட்டிவிட்டு, கார்பன் ஏகத்துக்கும் ஏறியிருப்பதைப் பார்த்து அரைநாள் நான் ஆனந்தக் கூத்தாடியிருக்கிறேன். மரப்பொருளும் கரிமம்தானே, கருவிக்கு என்ன தெரியும்.

பொறுக்கியதை மாவாக அரைத்து, விரல்நுனி அளவு உலோகக் கிண்ணத்தில் எழுபது மில்லிகிராம் போல எடுத்து ராக்-ஈவல் கருவிக்குள் அனுப்புகிறோம். பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனத்தில் 1970களில் உருவான கருவி. ஆக்சிஜன் இல்லாமல் 300 டிகிரி செல்சியஸில் மூன்று நிமிடம் வைத்தால், பாறையில் ஏற்கெனவே எண்ணெயாக இருப்பது ஆவியாகி வெளியே வரும். அது எஸ்1. பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் 650 வரை ஏற்றுவோம். இன்னும் எண்ணெயாக மாறாமல் திடமாக இருக்கும் கரிமப்பொருள், அதாவது கெரோஜென், உடைந்து ஹைட்ரோகார்பன்களாக வெளியேறும். அது எஸ்2. இயற்கை பல லட்சம் ஆண்டு செய்வதை நாம் கால் மணி நேரத்தில் செய்கிறோம். எஸ்2 முகடு உச்சம் தொடும் வெப்பநிலைதான் டிமேக்ஸ். பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்று சொல்லும் அளவு அது. பொதுவாக 435 டிகிரி வாக்கில் எண்ணெய் உருவாகத் தொடங்கியிருக்கும், 470 போனால் எண்ணெய்க் கட்டம் முடிந்தது. எஸ்2ஐ மொத்தக் கரிமக் கார்பனால் வகுத்து நூறால் பெருக்கினால் ஹைட்ரஜன் குறியீடு. கார்பன் எவ்வளவு என்பது முக்கியமில்லை, அதில் எவ்வளவு ஹைட்ரஜனோடு கைகோத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். 600க்கு மேல் என்றால் ஏரிப்பாசி வகை, 300 முதல் 600 என்றால் கடல்சார்ந்த எண்ணெய் வகை, 50 முதல் 200 என்றால் மரம் மட்டை சார்ந்த எரிவாயு வகை. அதற்கும் கீழே வெறும் கரி.

கருவி தரும் தாளில் இத்தனையும் ஒரே வரியில் வரிசையாக வந்துவிடும், பார்க்க ரொம்ப நம்பகமாக இருக்கும். ஆனால் எஸ்1 "இப்போது இருப்பது", எஸ்2 "இனிமேல் தரக்கூடியது" என்பதைக் கவனியுங்கள். "முன்பே தந்துவிட்டது" என்பதற்கு அந்த வரியில் இடமே கிடையாது.

மான்டரேயில் வெப்பமானி சறுக்கும்

மான்டரேயின் கெரோஜென் சாதாரணக் கடல் வகை இல்லை. களிமண்ணும் அதனோடு வரும் இரும்பும் குறைவான கடலில் படிந்ததால், பிடிக்க இரும்பு கிடைக்காத கந்தகம் கரிமப்பொருளுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் வகை-எஸ் என்று இதைத் தனியாகவே பிரித்திருக்கிறார்கள், அந்தப் பிரிவே மான்டரேயை ஆராய்ந்தபோது வந்ததுதான். கார்பன்-கந்தகப் பிணைப்பு கார்பன்-கார்பன் பிணைப்பைவிடத் தளர்வானது, சீக்கிரம் அறும். அதனால் மற்ற பாறைகள் இன்னும் வேகாமல் கிடக்கும் வெப்பத்திலேயே மான்டரே எண்ணெய் விட ஆரம்பித்துவிடும். முதலில் வருவது கெட்டியான, கந்தகம் நிறைந்த எண்ணெய்.

இதனால் டிமேக்ஸ் 420 என்று வந்தால் வழக்கமான அட்டவணையைப் பார்த்து "வேகாத பாறை" என்று எழுதிவிட முடியாது, அது எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கலாம். மேலும் அந்தக் கெட்டி எண்ணெய் 300 டிகிரியில் முழுசாக ஆவியாகாது. மிச்சம் எஸ்2வுக்குள் புகுந்து முகட்டின் இடது தோளில் ஒரு புடைப்பாக நிற்கும், எஸ்2ஐ ஏற்றிவிடும், டிமேக்ஸை இறக்கிவிடும். ஆக, ஏற்கெனவே உருவான எண்ணெயை இனிமேல் உருவாகப்போகும் எண்ணெயாக எண்ணிவிடுவோம். சரி, விட்ரினைட் (வேக வேக ஒளியை அதிகமாகத் திருப்பியனுப்பும் மரத் துகள்) எவ்வளவு எதிரொளிக்கிறது என்று பார்க்கலாம் என்றால் கடற்பாறையில் மரத்துண்டே அரிது, கிடைக்கும் ஒன்றிரண்டும் ஹைட்ரஜன் மிகுந்த சூழலில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். வழக்கமான இரண்டு வெப்பமானிகளும் ஒரே திசையில் சறுக்குகின்றன, அதனால் ஒன்றை ஒன்று ஆதரிப்பதுபோலத் தோன்றும். இதுதான் மோசமான கூட்டணி.

வழி இல்லாமல் இல்லை. அதே மாவில் பாதியை எடுத்து கரைப்பான் ஊற்றி ஒருநாள் கழுவி, எண்ணெயை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். கழுவும் முன் எஸ்2, கழுவிய பின் எஸ்2: வித்தியாசம் கெட்டி எண்ணெய். டிமேக்ஸும் தன் இடத்துக்கு ஏறிவிடும். செலவு இரண்டு மடங்கு, நேரம் மூன்று மடங்கு, ஆகவே அவசரக் காலத்தில் முதலில் வெட்டப்படும் வேலையும் இதுதான்.

இரண்டு பாறை, ஒரு தாள்

இந்தக் கதையின் மையம் என்று நான் நினைப்பதை ஒரு கற்பனை மாதிரியில் காட்டுகிறேன். எண்கள் கணக்கு வசதிக்காக நான் எடுத்தவை, மான்டரேயின் குறிப்பிட்ட இடத்தில் அளந்தவை அல்ல.

கார்பன் 5 விழுக்காடு, ஹைட்ரஜன் குறியீடு 600 உள்ள பாறை ஒன்று. ஒரு கிராம் பாறையில் 50 மில்லிகிராம் கார்பன், எஸ்2 30 மில்லிகிராம். இதன் ஒரு பகுதி மலைச்சரிவில் ஆழப் புதையாமல் வெளியே கிடக்கிறது, இன்னொரு பகுதி படுகையின் நடுவே ஆழத்தில் வெந்துகொண்டிருக்கிறது. ஆழத்தில் இருப்பது தன் திறனில் 80 விழுக்காட்டை எண்ணெயாக மாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 24 மில்லிகிராம் எண்ணெய். எண்ணெயில் ஏறத்தாழ 83 விழுக்காடு கார்பன், எனவே 20 மில்லிகிராம் கார்பன் அதோடு போய்விட்டது. கழுவிய பாறையில் மிச்சம் கார்பன் 30 மில்லிகிராம், அதாவது 3 விழுக்காடு. எஸ்2 ஆறு. ஹைட்ரஜன் குறியீடு 200.

இப்போது இரண்டு மாதிரியும் மேசைக்கு வருகின்றன. ஒன்று 5 விழுக்காடு, 600. மற்றது 3 விழுக்காடு, 200. முன்பின் தெரியாதவர் முதலாவதை அருமை என்பார், இரண்டாவதை மரம் கலந்த சுமாரான எரிவாயுப் பாறை என்பார். உண்மையில் முதலாவது இன்றுவரை ஒரு சொட்டு எண்ணெய் தந்ததில்லை. இரண்டாவது வாரி வழங்கிவிட்டு நிற்கிறது. இரண்டும் ஒரே பாறை.

சரி, அந்த 24 மில்லிகிராமில் எவ்வளவு பாறைக்குள்ளேயே தங்கும்? கெரோஜென் பஞ்சுபோல எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு கிராம் கார்பனுக்கு 100 மில்லிகிராம் என்பது தொழிலில் புழங்கும் தோராய எல்லை. நம் பாறையில் அது 3 மில்லிகிராம். ஆக 24இல் 21 வெளியே போய்விட்டது, எட்டில் ஏழு பங்கு. தங்கிய மூன்றும் சும்மா திரியும் எண்ணெய் அல்ல, கெரோஜெனோடு ஒட்டிக்கிடப்பது. எஸ்1ஐ கார்பனால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண் அந்த 100ஐத் தாண்டினால்தான் ஒட்டாமல் நகரக்கூடிய எண்ணெய் உபரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஷேல் எண்ணெய்க் கிணற்றுக்கு வேண்டியது அந்த உபரிதான்.

பரப்புக்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் பாறை 2.4 டன் என்றால், 100 மீட்டர் தடிமனில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 24 கோடி டன் பாறை. அதிலிருந்து வெளியேறியது 50 லட்சம் டன் எண்ணெய், சுமார் 3.5 கோடி பீப்பாய். உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது சுமார் 50 லட்சம் பீப்பாய். இதை மான்டரேயின் 570 மீட்டர் தடிமனுக்கு ஏற்றினால் ஒட்டியிருப்பதே சதுர கிலோமீட்டருக்கு 2.85 கோடி பீப்பாய் வருகிறது. 2011 பெருக்கலைச் சதுர கிலோமீட்டருக்கு மாற்றினால் 34 லட்சம் பீப்பாய். ஆக வெறும் கொள்ளளவாகப் பார்த்தால் 1,540 கோடி என்பது அபத்தமான எண் அல்ல! இதை நேர்மையாகச் சொல்லியே ஆக வேண்டும். மொத்தத் தடிமனும் செழிப்பாக, மொத்தமும் சரியான பதத்தில் வெந்து, ஒட்டிக்கிடக்கும் எண்ணெயில் நூற்றுக்குப் பன்னிரண்டு கிணற்றுக்கு வந்துசேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். மூன்று "ஆல்"கள். மூன்றில் எதையும் அந்தப் பெருக்கல் கேட்கவில்லை.

பெருக்கலுக்குள் பாறை எங்கே?

மறுபடி அந்தப் பெருக்கலைப் பாருங்கள்: பரப்பு, கிணற்றின் நெருக்கம், கிணறு ஒன்றின் விளைச்சல். கரிமக் கார்பன் 6.5 என்று அட்டவணையில் கம்பீரமாக நிற்கிறது, ஆனால் பெருக்கலில் அது கலந்துகொள்ளவே இல்லை. நுண்துளை விழுக்காடும் அப்படித்தான், தடிமனும் அப்படித்தான். அவை பாறை நல்ல பாறை என்று வாசகருக்கு ஆறுதல் சொல்ல வந்தவை. சுமை முழுவதையும் தாங்குவது 5,50,000 என்ற ஒற்றை எண். எல்லாக் கிணறும் சராசரியாக அவ்வளவு தரும், அதுவும் நாற்பது ஏக்கருக்கு ஒன்று வீதம் 28,000 கிணறுகள்.

அந்த எண்ணை உரசிப் பார்க்க ஒரே வழி ஏற்கெனவே தோண்டிய கிணறுகளைப் பார்ப்பது. கனடிய நிலவியலாளர் டேவிட் ஹியூஸ் 2013 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் செய்தது அதைத்தான். மான்டரே ஷேல் கிணறுகளின் உற்பத்திப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். சராசரிக் கிணறு 5,50,000க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நன்றாக ஓடிய கிணறுகளும் எண்ணெய் இடம்பெயர்ந்து வந்து வளைவுகளிலும் வெடிப்புகளிலும் சேர்ந்த இடங்களில் இருந்தவையே. அதாவது ஷேலின் பெயரில் பழைய பாணி எண்ணெய்ப்பொறிகள். பொறி இருக்கும் இடத்தில் கிணறு நன்றாகத்தான் ஓடும், ஆனால் பொறியை வயல் முழுக்க நாற்பது ஏக்கருக்கு ஒன்றாக நட முடியாது.

பாக்கனோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். பாக்கன் ஒரு சான்ட்விச். மேலும் கீழும் கரிமம் செழித்த கருப்பு ஷேல், நடுவில் கரிமம் குறைந்த, இறுகிய வண்டலும் டோலமைட்டும். எண்ணெய் ஷேலிலிருந்து பிழியப்பட்டு நடு அடுக்குக்குள் போய் அங்கேயே அகப்பட்டுக்கொண்டது, அதைத் தாண்டி ஓட வழியில்லை. கிடைமட்டக் கிணறும் அந்த நடு அடுக்கில்தான் ஓடுகிறது. அடுக்குகள் ஏறக்குறையப் படுத்தபடி கிடப்பதால் இரண்டு மைல் போனாலும் துளைமுனை அடுக்கை விட்டு விலகாது. பாக்கனின் பெருமை முழுவதும் கருப்பு ஷேலுக்கே போகிறது, ஆனால் எண்ணெயை வைத்திருந்தது அந்தச் சாம்பல் நிற நடு அடுக்கு.

மான்டரே கிடப்பது நில ஓடுகள் உரசிக்கொள்ளும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் வாசலில். மடிந்து, நொறுங்கி, நெட்டுக்குத்தாக நிமிர்ந்து, மறுபடி கவிழ்ந்திருக்கிறது. கிடைமட்டமாக ஒரு மைல் போவதற்குள் எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று தெரியாமல் போகும். டயட்டம் ஓட்டின் சிலிக்கா ஆழத்தில் உருமாறி முதலில் போர்சலனைட்டாகவும் பிறகு குவார்ட்ஸ் நிறைந்த செர்ட்டாகவும் இறுகியிருக்கிறது. அது கண்ணாடிபோல நொறுங்கும். இந்த நொறுங்கும் குணத்தைத்தான் நம்பிக்கையாளர்கள் பெரிதாகப் பேசினார்கள்: நீரழுத்தத்தால் எளிதில் பிளக்கலாம், எண்ணெய் கொட்டும் என்று. உண்மைதான், எளிதில் பிளக்கும். ஆனால் நாம் போய்ப் பிளக்கும்வரை அது காத்திருக்கவில்லை, நில ஓடுகளின் உரசல் எப்போதோ பிளந்துவிட்டது. எண்ணெய் அந்த வெடிப்புகள் வழியாக மேலே ஏறி மணற்கற்களை நிரப்பியது. மிட்வே-சன்செட்டும் கெர்ன் ரிவரும் அப்படி நிரம்பியவை. மிச்சம் கடலடி வழியாகக் கசிந்து படகுக்கு ஒட்டாகப் போயிற்று.

ஆழத்திலிருந்து எடுத்த சில்லுகள்

மூலப்பாறை மதிப்பீட்டில் மாதிரி எங்கிருந்து வந்தது என்பதை நான் எப்போதும் முதல் கேள்வியாகக் கேட்பேன், சலிக்கச் சலிக்கக் கேட்பேன். மான்டரேயின் புகழுக்குக் காரணமான அழகான எண்கள் பெரும்பாலும் கடலோரப் பாறைச்சுவர்களிலிருந்தும் படுகை ஓரங்களிலிருந்தும் வந்தவை. கைக்கு எட்டும், படம் எடுக்க வாகாக இருக்கும், வேகாதது என்பதால் ஹைட்ரஜன் குறியீடும் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஷேல் எண்ணெய் இருக்க வேண்டியது கலிபோர்னியாவின் உட்பகுதியில் உள்ள சான் வாக்கின் படுகையின் ஆழத்தில். அங்கே வண்டலும் மணலும் அதிகம் கலந்திருக்கும், சிலிக்காவின் பங்கு மாறும், வெந்த அளவும் மாறும். கடலோரச் சராசரியை அங்கே கொண்டுபோய் ஒட்டுவது, கற்பனை மாதிரியில் பார்த்த முதல் பாறையின் எண்களை இரண்டாம் பாறைக்குச் சூட்டுவது மாதிரிதான்.

2015 அக்டோபரில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் (யுஎஸ்ஜிஎஸ்) சான் வாக்கின் படுகையின் ஆழப்பகுதிக்கு மட்டும் தன் மதிப்பீட்டை வெளியிட்டது. அவர்கள் ஆழ மான்டரேயைத் துளைத்திருந்த 80க்கும் மேற்பட்ட பழைய கிணறுகளின் நிலவியல் தரவுகளைப் பார்த்தார்கள். பழைய கிணறுகள் என்பதைக் கவனியுங்கள், இதற்காகப் புதிதாக எதையும் தோண்டவில்லை. அவற்றில் தெரிந்தது: இந்த மூலப்பாறை எண்ணெயையும் வாயுவையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் குறைவு. அநேகமாக இயற்கை வெடிப்புகளாலும் பிளவுகளாலும் மடிப்புகளாலும். உருவான எண்ணெய் மேலே இருக்கும் வழக்கமான தேக்கங்களுக்குப் போய்விட்டது.

அவர்கள் கொடுத்த சராசரி மதிப்பீடு 2.1 கோடி பீப்பாய் எண்ணெய், 2,700 கோடி கன அடி வாயு, 10 லட்சம் பீப்பாய் வாயுத் திரவங்கள். இதையும் 2011இன் 1,540 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. அது முறையல்ல, பரப்பும் வேறு, வரையறையும் வேறு. இன்டெக் கணக்கில் லாஸ் ஏஞ்சலஸ் படுகையும் சேர்ந்திருந்தது, யுஎஸ்ஜிஎஸ் அளந்தது ஒரு படுகையின் ஆழத்தில் தொடர்ச்சியாகப் பரவிக் கிடக்கும் எண்ணெயை மட்டும். ஒப்பிட வேண்டுமென்றால் வேறு ஒன்றோடு ஒப்பிடலாம். அதே படுகையில், பெருமளவு அதே பாறையிலிருந்து ஏறி வந்த எண்ணெயை வைத்து, மிட்வே-சன்செட் என்ற ஒரே வயல் இதுவரை தந்தது 300 கோடி பீப்பாய்க்கு மேல். ஆழப் பாறையில் இன்னும் எடுக்கலாம் என்பது 2.1 கோடி.